வேரை விட்டுவிடுவோம்

திரையில் என் தாடை சுழல்கிறது,
கழுவி வைத்த சங்கு மாதிரி.
முப்பத்துநாலு வயதிலும் முளைக்காத ஞானப்பல்
அடுத்த பல்லில் தலை முட்டிப்
படுத்துக் கிடக்கிறது.
அடியில் மஞ்சளாய் ஒரு கோடு. நரம்பாம்.

டொக்டர் இரேஷா
குருநாகலிலிருந்து திருகோணமலைக்கு மாற்றலாகி
நாலு மாதம். எண்ணி எடுத்த தமிழ்:
"தலை மட்டும் வெட்டுறது.
வேர் விட்டுடுவோம்.
இழுத்தா உதடு மரத்துப் போகும்.
சிலநேரம், எப்பவும்."

விடுவதா?
தொண்ணூறில், முகாம் கொட்டிலில்,
பெரியப்பாவின் தோளை நாலு பேர் அமுக்க
ஒருவர் குறட்டால் இழுத்தார்.
பாதியில் முறிந்தது.
மிச்ச வேரோடுதான்
இன்றைக்கும் முறுக்குக் கடிக்கிறார்,
இழுத்தவரைத் திட்டிக்கொண்டே.

ஊசி.
நாக்கு வேறு யாருடையதோ ஆயிற்று.
துளைப்பான் சீற, நகம் கருகிய மணம்.
"நோகுதா?"
அவரிடம் அதற்குமேல் சொல் இல்லை,
என்னிடம் வாய் இல்லை.
இடது கையை உயர்த்தினால் நிறுத்துவார்.
ஒருமுறை உயர்த்தினேன், நோவில்லாமலே,
நிறுத்துகிறாரா பார்க்க.
நிறுத்தினார்.

பஞ்சைக் கடித்தபடி பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.
மரக்கறிக் கடையோரம் ஒரு மான்
கோவா இலையை இடமும் வலமுமாய் அரைக்கிறது,
அவசரமே இல்லாமல்.
பார்க்கப் பார்க்க எரிச்சல்.

போன். பெரியப்பா.
"முழுசா எடுத்தாச்சோ?"
இல்லை என்று சொல்லப் பார்க்கிறேன்.
"ம்ம்" என்றுதான் வருகிறது.

"அப்பாடா" என்று வைத்துவிட்டார்.