இரண்டு கயிறு

கிரெகோரெஸில் பெட்ரோல் போடும்போதே சொன்னேன்,
இரண்டு கயிறாகக் கட்டு என்று.
ஒன்றே போதும் என்றான் எவரிஸ்தோ.
முடிச்சை இழுத்துக் காட்டினான்,
குதிரைக்குச் சேணம் பூட்டியவன் மாதிரி
மூட்டையின் முதுகில் ஒரு தட்டு.

அதற்குப் பிறகு தார் இல்லை.
சரளை. எங்கள் பேச்சில் ரிப்பியோ;
சொல்லும்போதே பல்லுக்கடியில்
ஏதோ நெரிபடும்.
லாரிகள் விட்டுப்போன இரண்டு தடம்,
நடுவே கணுக்கால் உயரத்துக்குக் கல்வரப்பு.
தடத்துக்குள் இருக்கும்வரை நாங்கள் பயணிகள்,
வரப்பில் ஏறினால் சாமான்கள்.

மேற்கிலிருந்து காற்று.
வண்டி நேராகப் போக
நாங்கள் இருவரும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தோம்,
காது மந்தமான ஒருவரிடம்
ஏதோ சொல்லக் குனிந்தவர்கள் மாதிரி.

வேலிக்கம்பியில் மாட்டிக் காய்ந்துபோன ஒரு குவானாக்கோ.
முக்கால்வாசி தாண்டியிருந்தது.

ஓடும் வண்டியில் பேச்சு கேட்காது.
அதனால் அவன் முதுகில் என் விரல்:
ஒரு தட்டு, மெதுவாக.
இரண்டு தட்டு, நிறுத்து, எனக்கு அவசரம்.
இருபத்தாறு வருஷத்தில்
மூன்றாவது தட்டு தேவைப்பட்டதில்லை.

சாயங்காலம் ஏழு மணி.
வறண்ட ஓடை, அதன்மேல்
பாலம் என்று சொல்லிக்கொள்ளும் சிமெண்டுக் குழாய்.
அதன் மறைவில் கூடாரம் என்று முடிவு.
துணி இருந்தது. முளைகள் இருந்தன.
கம்பிகள் இல்லை.
கயிறு தொங்கிக்கொண்டிருந்தது,
முடிச்சு அவிழாமல்,
அவ்வளவு கச்சிதமாக, காலியாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என்னைப் பற்றி எழுதுவதானால் இதை எழுதுங்கள்:
நெலிதா, ஐம்பத்திரண்டு வயது,
'அப்போதே சொன்னேனே' என்பதைக்
கூழாங்கல்லாய் வாயில் அடக்கிக்கொண்டு
பதினாலு கிலோமீட்டர்
வந்த வழியே திரும்பிப் போனாள்.

சரளையில் எல்லாமே கம்பிபோலத்தான் தெரிகிறது.
ஆட்டின் தாடை எலும்பு ஒன்று கிடைத்தது.
யாருடையதோ இடதுகால் செருப்பு.

வெளிச்சம் மங்கும்போது
எதிரே மஞ்சளாய் ஏதோ ஊர்ந்து வந்தது.
சாலைத் துறையின் கிரேடர்.
ஓட்டுபவரின் சட்டையில் வென்சூல் என்று தைத்திருந்தது,
இருக்கைக்குப் பின்னால் எங்கள் கம்பிப்பை.
பிளேடில் சிக்கி ஒன்று வளைந்திருந்தது.
"தூண்டில் என்று நினைத்துவிட்டேன்"
என்றார், அவர்தான் தொலைத்ததுபோல.

எவரிஸ்தோ பணம் எடுத்தான்.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
"வெங்காயம் இருக்கிறதா?"

பன்னிரண்டு நாளாய் முகாமில் ஆட்டுக்கறி மட்டுமாம்.
இருந்தது இரண்டு. கொடுத்தோம்.
ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானிட்டார்.
இன்னொன்றை நின்றபடியே உரித்து
ஆப்பிள் மாதிரி கடித்தார்.
கண்ணில் நீர்.
"வெங்காயத்தால்தான்" என்றார்,
யாரும் கேட்காமலே.

இன்றிரவு சீவிவிடும் சாலையை
வியாழனுக்குள் காற்றும் லாரியும் சேர்ந்து
பழையபடி ஆக்கிவிடுமாம்.
அதில் அவருக்கு வருத்தமில்லை.
வேலை போகாதே.

கூடாரம் ஒரு தோள் இறங்கி நின்றது.
வளைந்த கம்பி என் பக்கம்.
வெங்காயமில்லாத சூப்.
எங்களைக் கடந்துபோன கிரேடரின் விளக்கு
வெகுநேரம் தெரிந்தது.
மறைந்துகொள்ள இங்கே மேடில்லை, மரமில்லை,
சின்னதாகிக்கொண்டே போகத்தான் முடியும்.

நடுராத்திரி, முதுகில் ஒரு தட்டு.
தூக்கத்திலா, விழித்தா தெரியவில்லை.
மெதுவாக.
எதை என்று நான் கேட்கவில்லை.

காலையில் மூட்டை கட்டினான்.
இரண்டு கயிறு.
கொஞ்சம் யோசித்து
தன் பெல்ட்டையும் கழற்றிச் சுற்றினான்.
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தான்.
"சொல்லிவிடு, நெலிதா."

சொன்னேன். நன்றாக உரக்கவே.
காற்று அதைக் கடல்வரை கொண்டுபோயிருக்கும்.

ஏறி உட்கார்ந்தேன்.
சீவிவிட்ட சாலை,
அதில் எங்களுக்கு முன்னால்
ஒரு முயல் மட்டும் குறுக்கே போயிருந்தது.