மணல் நிறத்தில் ஒரு ஜோடி

ஆவணியில் ஆர்டர் வந்தது.
பன்னிரண்டாயிரம் ஜோடி, கணுக்கால் மறைக்கும் பூட்ஸ்.
கறுப்பு வேண்டாம், பிரவுன் வேண்டாம்,
மணல் நிறம்.
எந்த நாட்டுக்கென்று அட்டைப்பெட்டியில் இல்லை.
கட்டிங் செக்‌ஷன் பலராமன்தான்
தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னான்:
"எங்கியோ சண்ட வருது, காணிக்க."

டிவியில் அப்போது
இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார்கள்.
கார்த்திகையிலும் எடுக்கவில்லை.
தை பிறந்தும், பேச்சுக்குக் கதவு திறந்தே இருக்கிறது
என்றார்கள் கோட்டு போட்டவர்கள்.
அதற்குள் எங்கள் ஓவர்டைம் முடிந்து
கடைசிக் கன்டெய்னர் ராணிப்பேட்டை தாண்டியிருந்தது.

என் வேலை கட்டைவிரல் வேலை.
ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கைவிட்டு
ஆணி முனை, நூல் முடிச்சு, பசைக் கட்டி
எதுவும் காலைக் குத்தாமல் பார்க்க வேண்டும்.
ஒரு நாளைக்கு நானூறு கால்களின் இருட்டுக்குள்
கால்களுக்கு முன்னால் போய் வந்தேன்.
கொல்லப் போகிறவனும்
நொண்டிக்கொண்டு போகக் கூடாது.

பங்குனியில் குண்டு விழுந்தது.
கேண்டீன் டிவி பச்சையாய் மினுங்கியது.
சாம்பார் பிசைந்த கையோடு சொன்னேன்:
"நாளைக்கு அடிப்பான்னு இன்னைக்கே அடிக்கறது
என்னா நியாயம்?"
ஜரினா பேசவில்லை.
சாயங்காலம் மேல்விஷாரத்துக்குக் கூட்டிப் போனாள்.

அவள் புருஷன் கலீமுல்லா
அந்த நாட்டுத் தலைநகரில் பதினொரு வருஷம் தையல்காரர்.
தொண்ணூறில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பியவர்.
"எங்க கடை மொதலாளி பையன். பத்தொம்பது வயசு.
செவுத்துல எழுதினான்னு இட்டுக்கினு போனாங்க.
மூணாம் நாளு வாசல்ல கொண்டாந்து நிறுத்தி
அவங்கம்மாவ வெளிய கூப்ட்டாங்க."
அதற்கு மேல் அவர் சொன்னதை
நான் எழுதப் போவதில்லை.
"அவனைத் தூக்க எவன் வந்தா என்னா?
சைத்தானே வந்தாலும் டீ போட்டுக் குடுப்பேன்."

எனக்கும் டீ வந்தது.
தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.
சரி என்று சொல்லவும்.

திரும்பும்போது பாலத்தின் மேல்
பஸ் ஜன்னலில் அதே நாற்றம்.
எங்கள் தெருக் கிணறு மஞ்சளாகிப் பதினாறு வருஷம்.
ஆதாரம் எங்கே என்றார்கள்.
பாட்டிலில் பிடித்துக் கொடுத்தோம்.
வேறு பாட்டில் கேட்டார்கள்.
கமிட்டி வந்தது, இளநீர் குடித்தது, போனது.
தொட்டியில் நிற்கிற தம்பி அந்தோணியின் உள்ளங்கை
எதனால் உரிந்தது என்பதற்கு
இன்னும் வாய்தா.
விஷம் நிற்கிற இடத்தில்
சந்தேகத்தின் பலன் கம்பெனிக்கு.
விஷம் இருக்கலாம் என்ற ஊருக்கு
சந்தேகமே போதும், விமானம் கிளம்ப.

அந்தக் கம்பெனியில்தான் எனக்குச் சம்பளம்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
கிணறு கெடுமுன் யாரோ வந்து
ஆலையை இடித்திருந்தால் கைதட்டியிருப்பேனா?
மத்தியான ஷிஃப்ட் உள்ளே இருந்திருந்தால்?

பிறகு அங்கே
தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள்.
தேடிப் போனது இல்லை.
அவன் போனான், அது நிஜம்.
கடை முதலாளி எப்படி இருக்கிறார் என்றேன் ஒரு நாள்.
"போன் எடுக்கல," என்றார் கலீமுல்லா.
"எத்தனை நாளா?"
"ஒரு வருஷம்."

ரிஜெக்ட் ஆன பூட்ஸ்கள்
ஆற்காடு சந்தையில் ஜோடி இருநூறுக்கு வந்தன.
கலீமுல்லாவும் வாங்கியிருந்தார்.
தண்ணியில்லாத பாலாற்றைக் குறுக்கே கடந்து
எங்கள் பக்கம் வந்தார்.
அவருக்குப் பின்னால் மணலில்
டிவியில் பார்த்த அதே கட்டம் போட்ட தடம்.

"கடிக்குதா?"
"இல்ல. வலது கால்ல மட்டும் என்னமோ உறுத்துது."
கழற்றச் சொன்னேன்.
உள்ளே சூடாக இருந்தது.
கட்டைவிரலால் மூலை மூலையாகத் தடவினேன்.
ஆணி எதுவும் தட்டுப்படவில்லை.