பதிவு முகவரி

எபேனில் ஆறாவது மாடி.
என் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில்
நாற்பத்தொரு கம்பெனிகள் குடியிருக்கின்றன.
சோறு கேட்பதில்லை. விளக்கு கேட்பதில்லை.
ஆண்டுக்கு இரண்டு முறை கூடியதாக
நான் எழுதிவைத்தால் கூடியதுதான்.

அவற்றில் பதினேழு, மூர்கெனுடையவை.
(கப்பலில் ஏறியபோது முருகன்,
பேரேட்டில் ஏறியபோது மூர்கென்.)

ஜொகானஸ்பர்க்கில் அவர் முதலில் வாங்கியது
நொடித்துப்போன ஒரு பிஸ்கட் கம்பெனி.
வாங்கிய கடனை அதன் தலையிலேயே கட்டி,
நிலத்தை விற்று, லாரிகளை விற்று,
நாலே வருஷத்தில் ஆறு மடங்கு.
பிறகு மொம்பாசாவில் மருத்துவமனை,
தனானரீவில் தண்ணீர்ப் புட்டி,
இங்கே குட்லண்ட்ஸில் சட்டை தைக்கும் ஆலை.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
என் மகள் கல்யாணத்துக்கு வந்து
கடைசிப் பந்தி வரை இருந்தார்.
இலையில் ஏழு கறி. ஏழையும் எண்ணிச் சாப்பிட்டார்.

தமிழில் அவருக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே வரி:
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
கூட்டத்தில் பிரெஞ்சுக்கு நடுவே அதைச் சொல்வார்.
லண்டன்காரர்கள் தலையாட்டுவார்கள்.

அளந்துதான் போட்டார்.
பதினெட்டாவது கோப்பு, கண் மருத்துவ அறக்கட்டளை.
ஒரு கண்ணுக்கு இவ்வளவு ரூபாய்,
பார்வை திரும்பியது இத்தனை சதவீதம்,
திரும்பாத கண்களுக்கு ஓர் அடிக்குறிப்பு.

அந்தத் தைப்பூசம்.
எங்களுக்கு விடுமுறை. ஜொகானஸ்பர்க் வங்கிக்கு இல்லை.
மதியத்துக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும்.
கோர் தெ கார்த் மலையடியில்,
படிக்கட்டுக்குக் கீழே, காவடிகளுக்கு நடுவே
கோப்பை அணைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். வெறுங்கால். தோளில் காவடி.
நாக்கில் வேல்.
இருபது ஆண்டில் முதல் முறையாக
அவர் எதையும் விளக்கவில்லை.

ஒரு தாள், குட்லண்ட்ஸ் ஆலையை மூட.
ஒரு தாள், அதன் நிலம் விற்ற பணத்தில்
பத்தில் ஒரு பங்கு கண்களுக்கு.
டிரைவர் குனிந்து முதுகைத் தந்தான்.
விரல் பட்ட இடமெல்லாம் சந்தனக் கறை.
எது முதலில், எது பிறகு?
மேளம் உச்சிக்கு ஏற, நான் திரும்பிவிட்டேன்.
சட்டப்படி நேரம் குறிக்க வேண்டும்.
இரண்டிலும் பத்தேகால் என்று எழுதினேன்.

மதாம் சின்னத்தம்பு
பொத்தான்துளை மெஷினில் பத்தொன்பது வருஷம்.
இப்போது எங்கள் கட்டடத்துக்குக் கீழே தால்பூரி விற்கிறாள்.
வலக்கண் அறக்கட்டளை தந்தது.
நான் நீட்டும் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள்:
"முன்னெல்லாம் கள்ளநோட்டு தெரியாது, மதாம்."
இடக்கண்?
"அடுத்த நிதியாண்டாம்."

காகிதத்தில் எண்ணெய் ஊற ஊற
மேலே வருகிறேன்.
ஒரு பத்தேகாலுக்குப் பக்கத்தில்
தணிக்கையாளர் பென்சிலால்
கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறார்.

ரப்பர் இழுப்பறையில்தான் இருக்கிறது.