புதன் இரவு, பதினொன்று

வினிபெக்கில் கார்களுக்கும் மூச்சு முட்டும் குளிர்.
முதியோர் இல்லத்தின் பின்புறம் ஒவ்வொன்றும்
சுவரில் ஒரு வயரைச் சொருகிக்கொண்டு
சேலைன் ஏறும் நோயாளிகள் போல வரிசையாய் நிற்கின்றன.
உள்ளே, சலவை அறையில், எனக்கு இடைவேளை.
ட்ரையரின் மேல் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
அங்கே வியாழன் காலை ஏழு.

மெனனைட் கோயிலின் நிலவறையில் அட்டவணை போட்டோம்.
திங்கள் எல்ஃப்ரீடா பென்னர். செவ்வாய் ஹதாஸா,
வெள்ளி அந்தியிலிருந்து போனைத் தொடாதவள்.
புதன் நான்.
வேலை பெரிதாய் ஒன்றுமில்லை. பார்ப்பது.
குன்றிலிருந்து பள்ளிக்கூடம்வரை
ஏழு பிள்ளைகள் நடந்து முடியும்வரை
இணைப்பு அறாமல் வைத்திருப்பது.
ஏதும் நடந்தால் நேரத்தோடு எழுதுவது.

முதல் வாரம், பழக்கதோஷம்,
"ஆண்டவரே" என்று கண்ணை மூடிவிட்டேன்.
திறந்தபோது ஒரு ஜீப் நின்றிருந்தது.
எப்போது வந்தது?
அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
அன்றிலிருந்து கண் திறந்தே ஜெபிக்கிறேன்.
ஞாயிறு பள்ளியில் அதற்காகவே
பிரம்படி வாங்கியவள் நான்.

ரஹஃப் போனைச் சட்டைப்பையில் வைத்து நடக்கிறாள்.
எனக்குத் தெரிவது பெரும்பாலும் வானம்,
அவள் மூச்சு,
தம்பியின் பையில் பல் உடைந்த ஜிப்.

அவள் தகப்பன் ஜவ்தத் ஒலிவக் கன்றுகளை
நான்காம் முறையாக நட்டிருக்கிறார்.
மூன்றாம் முறை இயந்திரம் வந்த அன்று
அதன் அலகுக்கு இரண்டடி முன்னால்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்தார்.
கைகளைக் கட்டியிருந்தார்.
என் மொழியில் கைகட்டுகிறவன்
எசமானுக்கு முன்னால் நிற்பவன்.
இதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.
பக்கத்தில் அவர் தங்கை இப்திஹால்
மடியில் கீரையைப் போட்டு
ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ பார்த்தால் புல்டோசர் நின்றுவிடுமா?"
என்றான் என் கணவன்.
நிற்காது என்றேன். சோற்றைப் போட்டேன்.
எங்களை அன்றைக்கு ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை
என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
கறியில் கொஞ்சம் உப்புக் கூட.

இன்று, அவர்கள் நேரம் 7:22.
ஒரு கூச்சல். சரளைக்கல் ஓடுகிற சத்தம்.
பிறகு திரை கறுப்பு.
இணைப்பு அறவில்லை, பச்சைப் புள்ளி எரிகிறது.
கண்ணாடியில் என் முகம் மட்டும், வேலைத் தொப்பியோடு.

பதினாலாம் அறையின் மணி.
போனோடு ஓடுகிறேன்.
ஒரு கையில் கிளாசனுக்குத் தண்ணீர்க் குழல்,
மறு கையில் கறுப்புத் திரை.
யார் அது, என்கிறார்.
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.
எத்தனை பேர்?
ஏழு.
அவரும் பார்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை.
பார்த்தபடியே தூங்கிவிடுகிறார்.

ஒலிவ மரங்களின் கீழ், அந்த இரவில்,
தூங்கிப்போன மூவரை நான் இளக்காரமாய் நினைத்ததுண்டு.
இரவு வேலைக்கு வந்தபின் நினைப்பதில்லை.

7:33.
கல். ஒரு செருப்பு. தலைகீழாய் ரஹஃபின் முகம்.
கன்னத்தில் புழுதி, சிரிப்பில்லை.
ஏழுவரைதான் எனக்கு அரபு தெரியும் என்று
அவளுக்குத் தெரியும்.
ஒவ்வொருவர் முகமாய்க் காட்டி எண்ணுகிறாள்.
வாஹித். இத்னேன்.
ஆறில் நிற்கிறாள்.
கேமரா ஆடுகிறது, சுவர், கம்பிவேலி, ஒரு ஆடு,
குனிந்து சப்பாத்து நாடா கட்டும் சின்னவன்.
சப்ஆ.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதுகிறேன்:
பதினொரு நிமிடம் தெரியவில்லை.
ஏழு பேர்.

அங்கே பள்ளி மணி அடிக்கிறது.
இங்கே ட்ரையர் நின்றுவிட்டது.
விரிப்புகளைத் தொட்டுப் பார்க்கிறேன்.
இன்னும் ஈரம்.
மறுபடி சுற்றவிடுகிறேன்.