பங்கு

புந்தா அரீனாஸில் நண்டுக்காலம்.
எடைமேடை அறையில் யானிரா
நாற்பத்தொரு படகுக்குக் கணக்கெழுத
ஏழு வரி நிரல் போட்டு
நாற்பத்தொரு தடவை ஒட்டியிருந்தாள்:
பெட்டியின் எடை கழித்து,
ஓடு நொறுங்கினதைக் கழித்து, விலையால் பெருக்கி.
ஓடியது. போதாதா?

செவ்வாயன்று விலை ஏறியது.
நாற்பது இடத்தில் திருத்தினாள்.

விட்டுப்போனது பாமோந்தேயின் படகு.
அவர் சீட்டோடு வந்து நின்றார்.
கத்தியிருந்தால்கூடத் தேவலை;
கையுறையைக் கழற்றி
விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

அன்றிரவு காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்க
அவள் தன் முதல் செயற்கூற்றை எழுதினாள்.
பெயர் வைக்கவே அரைமணி. கடைசியில், பங்கு.
அடைப்புக்குறிக்குள் எடை போகும்;
விலை ஒரே இடத்தில், ஒரே முறை.

அழைத்தாள். தொகை பளிச்சென்று திரையில்.
மொத்தத்தோடு கூட்டப் போனால் வெறுமை.
மறுபடி. திரையில் தொகை, கையில் ஒன்றுமில்லை.
மாத்தே ஆறி, கசந்து,
மூன்று மணிக்குத்தான் உறைத்தது:
இது சொல்கிறது,
தருவதில்லை.
ஏட்டுச் சுரைக்காய்.

‘அச்சிடு’ இருந்த இடத்தில்
‘திருப்பித் தா’ என்று அடித்தாள்.
வந்தது.

ஒட்டினதையெல்லாம் தேர்ந்தெடுத்து
ஒரே விசையில் அழிக்கும்போது
விரல் கொஞ்சம் தயங்கியது.
எழுதின கை அல்லவா.

காலையில் பாமோந்தேக்குப் புதுச் சீட்டு.
அவர் இரண்டு தடவை வாசித்தார்,
மடித்துச் சட்டைக்குள் வைத்தார்,
போகவில்லை.
உள்பையிலிருந்து
ரப்பர் போட்டுக் கட்டின ஒரு கற்றை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
போன வருஷத்துச் சீட்டுகள்.
உப்பு படிந்து, ஓரம் சுருண்டு.

“எடை இதில் இருக்கிறது,” என்றார்.
“இவற்றையும் உள்ளே போடு.”

போன வருஷம் விலை வேறு.
யானிரா அடைப்புக்குறியைத் திறந்தாள்;
எடைக்குப் பக்கத்தில்
ஒரு காற்புள்ளி வைத்தாள்.