படுவான்கரையில் புள்ளிகள் குறைவு

கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில்
எங்கள் மாவட்டம் வெளிர்மஞ்சள்.
வெளிர்மஞ்சள் என்றால் நோய் குறைவு
என்கிறது ஓரத்துப் பெட்டி.

பதிவேட்டை நிரப்புகிறவள் நான்.
வாய், மார்பு, தொண்டை, கருப்பைக் கழுத்து,
எல்லாவற்றுக்கும் தனித்தனி இலக்கம்.
நிரந்தர முகவரிக்கு
ஒரே ஒரு கோடு.

அழகிப்போடி வன்னமணி,
கன்னத்துக்குள் புண்.
எந்த ஊர் என்றேன்.
"எந்த வருசத்தில கா?"
பிறந்தது உன்னிச்சைப் பக்கம்,
தொண்ணூறில் காடு, பிறகு முகாம்,
பிறகு யாரோ தந்த கால் ஏக்கர்.
"மகள்ர விலாசத்தைப் போடு,
தபால் அங்கதான் வரும்."
கல்லடி என்று எழுதினேன்.
எழுவான்கரைக்கு ஒரு புள்ளி கூடியது.
அவர் முப்பது வருசம்
மருந்தடித்த வட்டைகள்
வெறுமையாய்க் கிடந்தன.

சித்தி மஸீதா இரண்டு வருசம்
கட்டியை ஒளித்து வைத்திருந்தாள்.
"ஏறாவூர் எண்டு போடாதீங்க,
என்ட மச்சி இங்க மருந்தெடுக்க வாறவ.
புள்ளைக்கு கலியாணம் பேசுறம்."
ஓட்டமாவடி என்று எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.
பிழைதான்.

வெல்லாவெளியிலிருந்து வந்தது
டொக்டர் எழுதிய துண்டு மட்டும்.
ஆள் வரவில்லை.
குருமண்வெளித் துறையில் பாதை பழுதென்றார்கள்,
பிறகு வெள்ளாமை வெட்டு,
பிறகு மழை.
ஒருமுறை தொலைபேசியில் அவளே பேசினாள்.
பின்னால் சூடடிக்கும் மெசின் இரைந்தது.
"மறுகா வாறன் மிஸ்" என்றாள்.
துண்டை வைத்து எண்ணக் கூடாது.
இழையம் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்,
அறிக்கை வந்திருக்க வேண்டும்.

மாசி போய்ப் பங்குனியில்
இன்னொருமுறை எடுத்தேன்.
மகன் பேசினான்.
"நாளைக்கு அம்மாட அமுது.
ஏலுமெண்டா வாங்க."
மரணப் பத்திரத்தில் என்ன போட்டார்கள்?
"வயித்து வருத்தம் எண்டு."

வயிற்று வருத்தத்துக்கு
என்னிடம் இலக்கமில்லை.

அன்று பின்னேரம் எல்லோரும் போனபின்
பென்சிலைத் தீட்டினேன்.
வாவிக்கு மேற்கே,
மஞ்சள் மிகவும் வெளிறிய இடத்தில்,
மெல்ல அழுத்தினேன்.

காலையில் சேர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்,
இதென்ன?
பென்சில் வழுக்கினது சேர், என்றேன்.
அழிறப்பரை எடுத்து நீட்டினார்.
வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.