முந்நூறு நொடி

ஏழு சோதனைகள்
எல்லோருக்கும் விழுகின்றன.
எனக்கு மட்டும் பச்சை.

"உன் மெஷின்ல மட்டும் எப்படிடா ஓடுது?"
பெருங்குடி, நாலாம் மாடி.
ஜெசிந்தா நாற்காலியோடு உருண்டு வருகிறாள்.
ஒரே ஸ்கிரிப்ட். ஒரே கிளை.
அதில் நான் எழுதிய ஒரே விதி:
வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாதவரை
முப்பது நொடி காத்திரு.
சொன்னால், சொன்னவர் பேச்சைக் கேள்.

முகவரி, பிரவுசர், பயனர் பெயர், பொறுமை
எதையும் உள்ளே ஆணியடிக்கக் கூடாது என்று
அன்று மீட்டிங்கில் நீட்டி முழக்கியதும் நான்தான்.

அஃப்ரோஸ் கேச்சை அழித்தான்.
பிறகு என்னைச் சந்தேகப்பட்டான்.
மூன்று மணிக்கு, தயிர்சாதம் புளித்த பிறகு,
சூழல் மாறிகளை மொத்தமாக அச்சிட்டுப் பார்த்தேன்.
நூற்றுப் பதினோரு வரி.
அறுபத்து நாலாவதில்
டைம்அவுட், முந்நூறு.

யார் வைத்தது இதை?

போன டிசம்பர்.
பள்ளிக்கரணைச் சதுப்பு ரோட்டில் ஏறி
எங்கள் தெருவுக்கு வழி கேட்டு வந்த இரவு.
இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
பைக் சீட்டு வரை தண்ணீர்.
போனில் ஒற்றைக் கோடு சிக்னல்,
விடிந்தால் ரிலீஸ்.
பக்கங்கள் பாதியில் மூச்சடைத்து நிற்க
ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்,
இந்த மழைக்கு மட்டும் என்று.

மழை விட்டது.
சுவரில் நீர்க்கோடு
இரண்டு கோட் பெயின்ட்டுக்குப் பிறகும் தெரிகிறது.
கோப்பில் அந்த வரியும்.

எட்டு மாதமாக
மற்றவர்கள் முப்பதில் கைவிடத் தயாராயிருந்த சர்வருக்கு
நான் ஐந்து நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்,
எனக்கே தெரியாமல்.
"அவ்ளோ நேரம் யாருக்குடா காத்திருந்த?"
ஜெசிந்தா சிரிக்கிறாள்.
நானும் சிரித்து வைத்தேன்.

அஃப்ரோஸ் ஒயிட்போர்டில் காரணம் எழுதுகிறான்.
வழக்கம்போல் வல்லினத்தைக் கோட்டைவிட்டு
சூழல் மாரி.
மற்ற நாளென்றால் திருத்தியிருப்பேன்.

வரியை அழித்தேன்.
பழைய டெர்மினலுக்கு இன்னும் நினைவிருக்கும்,
அதையும் மூடி, புதிதாகத் திறந்து, ஓட்டினேன்.

ஏழும் சிவப்பு.
பதில் வர நாற்பத்தொரு நொடி ஆகிறது;
எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.
உண்மையான நோய்தான்.
என் பொறுமை
அதன்மேல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறது.

டிக்கெட் திறந்து என் பெயரைப் போட்டேன்.
கண்ணாடிக்கு வெளியே ஆகஸ்ட் வெயில்,
ஓஎம்ஆர் முழுக்கச் சொட்டிக்கொண்டே போகிறது
ஒரு தண்ணீர் லாரி.